மருமகன் இருக்கும் வகுப்பில்

இன்று காலை வகுப்புக்குக் கிளம்பும்போது பையிலிருந்து வயர்லெஸ் செட்டை எடுத்துப் பார்த்தேன். உடைந்த பொத்தானைச் சுற்றி உம் கையால் ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் இருக்கிறது. உம்மை அடக்கம் செய்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அது மட்டும் உம்மைப் போலவே பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடலில் ஆபத்து வந்தால் செட்டில் கரையை எப்படிக் கூப்பிடுவது என்று மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் இருவருடைய வேலை. பூதப்பாண்டி வயற்காட்டில் வளர்ந்த நான் தாளில் திட்டம் போடுவேன்: எது முதலில், படம் எப்போது, டீ எப்போது. கடற்கரைக்காரரான நீர் முந்தின நாள் சாயங்காலமே அந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவீர். எனக்கு எரிச்சலாக வரும். “அங்க என்ன வே வேலை உமக்கு?” என்று கேட்டால், “நாளைக்கு வாறவனுவள்ல எவன் எவனுக்கு மாமனாரு, எவன் எவன்கிட்ட பேசாம இருக்கான்னு தெரியண்டாமா?” என்பீர்.

அது எதற்கென்று அந்தப் பெரியவர் வந்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொந்த வள்ளம் உள்ளவர். ஆளாளாக எழுந்து செட்டில் பேசிப் பழகவேண்டும். அவர் முறை வந்ததும் மைக்கை வாங்கவில்லை. “எனக்கு இதெல்லாம் தெரியும்” என்று ஜன்னலைப் பார்த்தார். தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து நாற்காலியில் புது மருமகன். அவன் முன்னால் தடுமாறினால் மாமனாருக்கு மானம் போய்விடும். மாமனார் பேசாமல் மருமகனும் வாய் திறக்கமாட்டான். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் போகிறவர்கள். நாளைக்கு ஒரு காற்று அடித்தால் அதிலிருந்து கூப்பிட ஆளில்லை.

கட்டாயப்படுத்தினால் எழுந்து போய்விடுவார். நீர் மெதுவாகப் போய் இன்னொரு செட்டை அவர் கையில் கொடுத்தீர். “மாமா, நீங்க கூப்பிடண்டாம். நீங்கதான் கரை. இவனுவ சொல்லுறது விளங்கலேன்னா திருப்பிக் கேளுங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒருவனையும் விடவில்லை. “வள்ளத்துப் பேரைச் சொல்லு. எந்த எடத்துல நிக்க? எத்தன பேரு இருக்கிய?” என்று வறுத்தெடுத்தார், மருமகனையும்தான். வகுப்பு முடிவதற்குள் சொல்லவேண்டியதெல்லாம் அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. என் திட்டத்தில் அப்படி ஒரு பாடமே இல்லை.

பிறகு ஆடிக் காற்றில் எஞ்சின் நின்று அந்த வள்ளம் ஆழ்கடலுக்கு இழுபட்டபோது, செட்டில் கூப்பிட்டவர் அவர்தான். எல்லாரும் கரை சேர்ந்தார்கள். நீர் அப்போது நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர். விஷயத்தைச் சொன்னதும், “மருமவன் பக்கத்துல இருந்தானா?” என்று அதை மட்டும் கேட்டீர். இருந்தான் என்றேன். சிரித்தீர். அந்தச் சிரிப்பு இல்லாமல் இந்த வேலை எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது.

இன்றைய வகுப்புக்கு உம்முடைய மகன் வந்திருந்தான். துபாய் வேலையை விட்டுவிட்டு வள்ளத்தில் போகிறானாம். அதுவரை எல்லாரையும் கிண்டலடித்துக்கொண்டிருந்தவன், தன் முறை வந்ததும் மைக்கை வாங்கி என்னைப் பார்த்தான். பொத்தானை அழுத்துவதும் விடுவதுமாக நின்றான். யாருக்கு யார் என்ன உறவு என்று நேற்றே விசாரித்து நாற்காலிகளைக்கூட மாற்றிப் போட்டிருந்தேன். என்னை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அப்பாவின் கூட்டாளி முன்னால் அவன் எப்படித் தப்பு விடுவான்?

“மக்கா, நீங்க பேசிப் பாருங்க. நான் இப்ப வாறேன்” என்று வெளியே வந்து படியில் நின்றேன். உள்ளே அவன் கூப்பிடுவது கேட்டது. எந்த இடம் என்று சொல்ல மறந்துவிட்டான். யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுபடியும் முதலிலிருந்து கூப்பிட்டான். நான் உள்ளே போகவில்லை.