ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கைகள்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் இரண்டு ஜாக்கெட் வெட்டி வைத்துவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். மெம்பராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டில் இவர், "மெம்பரே, சோறு உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். ரிட்டயரான பஸ் டிரைவருக்கு வேறென்ன வேலை!

இன்று நிதிக் கமிட்டி. பட்ஜெட் என்றதும் பயந்துதான் போனேன். பார்த்தால் நம் தையல் கணக்குதான். துணி ஒரே துண்டு. அதில் எல்லா வார்டுக்கும் ஜாக்கெட் தைக்க வேண்டும், எல்லோரும் முழுக்கை கேட்கிறார்கள். கத்தரிக்கோல் வைஸ் பிரசிடென்ட் சதாசிவன் அண்ணன் கையில். முதலில் வார்டுதோறும் கிராமசபை கூட்டி ஆட்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டுமாம். அதைக் கமிட்டியில் வெட்டி ஒட்டி, மார்ச்சில் எல்லா மெம்பரும் கை உயர்த்தினால் பட்ஜெட் பாஸ்.

கடைசியில் அண்ணன் ஒரு காரியம் சொன்னார். தெருக்குழாய்த் தண்ணீருக்கு வருடாவருடம் பஞ்சாயத்துதான் பணம் கட்டுகிறது. இப்போது வீட்டுக்கு வீடு கனெக்‌ஷன் வந்துவிட்டதே, இனி எதற்குத் தெருக்குழாய்? எந்த வார்டு குழாயை விட்டுக்கொடுக்கிறதோ, மிச்சப் பணம் அந்த வார்டு வேலைக்கே. மற்ற மெம்பர்கள் ஓணச் சந்தைக்குக் கிளம்புகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

என் வார்டில் மிஞ்சியிருப்பது ஒரே குழாய். எல்லை ரோட்டுக் குழாய். நான் வாயே திறக்கவில்லை.

ஜனவரி 7, புதன்

நேற்றிலிருந்து அந்தக் குழாய் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

ரோடுதான் எல்லை. குழாய் நிற்கிற இந்தப் பக்கம் கேரளம், எதிர்ப்பக்கம் தமிழ்நாடு. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது இரண்டு பக்கத்துக்கும் அது ஒன்றுதான். விடிவதற்கு முன்னால் தண்ணீர் வரும். குடத்தை முந்தின நாளே வைத்தால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள். அதனால் கல் வைப்போம். ஆளுக்கொரு கல், வரிசையாக. எந்தக் கல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சுகுமாரியுடையது உடைந்த அம்மித் துண்டு. என்னுடையது அரைச் செங்கல். அம்மிணியுடையது நெய்யாற்றில் கிடந்து வழுவழுப்பான உருண்டைக் கல்.

அம்மிணி வீடு எதிர்ப்பக்கம். நான் தூங்குமூஞ்சி என்பதால் எனக்கும் சேர்த்து அவள்தான் கல் வைப்பாள். என் செங்கலை யாராவது பின்னால் நகர்த்திவிட்டால் என்னைவிட அவளுக்குத்தான் கோபம் வரும். குடம் நிறைகிற வரைக்கும் கிறிஸ்துமஸ் பாட்டு பாடிப் பழகுவோம். நான் மேல் சுருதி, அம்மிணி கீழ்ச்சுருதி. கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, எங்கள் சபைப் பாட்டெல்லாம் தலைகீழாகப் பாடும். அந்த வழியாகப் போன போதகர் ஒருநாள், "கீழ்ச்சுருதி பாடுத அந்தப் பிள்ளை ஏன் ஞாயிற்றுக்கிழமை வாறதில்லை?" என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் குடம் சரிந்து பாதித் தண்ணீர் போனது.

இப்போது எனக்கு அடுக்களைக்குள்ளேயே குழாய். திருகினால் வருகிறது. ஆனால் பாட்டு வருவதில்லை.

அம்மிணிக்கு இன்றும் அந்தக் குழாய்தான். அவர்கள் பக்கத்துத் தண்ணீர் லைன் மேட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவள் ஆப்பம் சுட்டு விற்றுத்தான் வீட்டை ஓட்டுகிறாள், தண்ணீர் இல்லாமல் எப்படி மாவு அரைக்க? குழாயை எடுக்க விட மாட்டேன்.

ஜனவரி 17, சனி

கிராமசபை. பள்ளிக்கூட ஹாலில். ஆள் சேராது என்று பயந்து வீடுவீடாக நடந்திருந்தேன், சாயாவுக்கும் பருப்புவடைக்கும் சொல்லியிருந்தேன். ஹால் நிறைந்தது!

சுகுமாரி எழுந்தாள். அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது, குழாய்ப் பணத்தை அதற்குப் போடலாம் என்றாள். "பைப்புல இப்பம் லாரிக்காரனுவதான் குளிக்கியானுவ. எனக்க பேத்தி தலையில ஓடு விழுந்தா மெம்பர் பதில் சொல்லுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. கை உயர்த்தச் சொன்னேன். கூரைக்குக் கொஞ்சம் கைகள். குழாய்க்கு? முன்பெஞ்சு முழுக்கப் பட்டென்று உயர்ந்தது. நானே எண்ணினேன், ஆபீசிலிருந்து வந்த சாரும் எண்ணினார். குழாய் ஜெயித்தது.

வரும் வழியில் குழாயடியில் நின்று முகம் கழுவினேன். பதினைந்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

ஜனவரி 21, புதன்

சதாசிவன் அண்ணன் போன் செய்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"எந்தா மெம்பரே, உங்க கிராமசபையில தமிழ்நாடும் கை பொக்கிச்சாமே?"

தமிழ்நாடு எங்கே கை தூக்கியது? எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்பெஞ்சில் யார்? அம்மிணி, அவள் மருமகள் சுமி, பக்கத்தில் அவர்கள் தெருவே இருந்தது. எல்லோருக்கும் ஓட்டு அந்தப் பக்கம்! அவர்கள் வந்ததைப் பார்த்தேன், வடை கொடுத்தேன், கையையும் எண்ணினேன். ஒரு நொடிகூட உறைக்கவில்லையே. எப்படி உறைக்கும்? ஆயுள் முழுக்க அந்த முகங்களை ஒரே வரிசையில் பார்த்த கண்ணாயிற்றே. அவர்களுக்கும்தான் தோன்றவில்லை. குழாய்க் காரியம் என்றார்கள், கை உயர்த்தினார்கள்.

ஆபீசில் போய்ச் சொன்னது சுகுமாரி. ஒளிக்கவும் இல்லை. "நான்தான் சொன்னேன் மெம்பரே, நியாயம் நியாயமாக்கும்" என்றாள். வீட்டில் இவரோ இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "அந்த சாரும் சேந்துதான எண்ணினாரு! எட்டி, நீ ரெண்டு ஸ்டேட்டுக்கும் மெம்பராயிட்டே போ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் கிராமசபை கூட்ட வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

இரண்டாம் கிராமசபை. போகும் வழியில் குழாயடியில் அம்மிணி நின்றிருந்தாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்க, அவளே, "போ பிள்ளே, நேரமாச்சு. நாங்க ஒருத்தரும் வரல்ல. எங்களால உனக்கொரு நாணக்கேடு வேண்டாம்" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்து ரோட்டைக் கடந்து போனாள்.

முன்பெஞ்சு காலி. கூரை ஜெயித்தது.

முடிந்ததும் அங்கன்வாடிக்குப் போய்ப் பார்த்தேன். உத்தரம் உளுத்திருக்கிறது. மழை நாளில் பிள்ளைகளை ஒரே மூலையில் ஒதுக்கி உட்கார வைப்பார்களாம். சுகுமாரி மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் போனேன். முடியவில்லை. அவள் கேட்டதும் நியாயம்தான். என்னை ஜெயிக்க வைத்தவர்கள் அவளும் வார்டு ஆட்களும்தான். அம்மிணிக்கு என்னிடம் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவளுக்கு மெம்பர் என்ன செய்ய வேண்டும் என்று ட்ரெயினிங் கிளாசில் யாரும் சொல்லித்தரவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

சதாசிவன் அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். பாவம், மனசு கேட்காமல் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். சின்ன வயதில் மாடு மேய்த்துவிட்டு வந்து அந்தக் குழாயில் வாய் வைத்துக் குடித்தவர்தானே அவரும்.

"பைப்பு நிக்கட்டும் லீலாபாய். கூரைக்குப் பணம் வேற எங்கயிருந்தாவது பிடிச்சு இழுத்துத் தாறேன். பதிலுக்கு ஒரு பைலா போடுவோம். நம்ம பஞ்சாயத்து ரேஷன் கார்டு உள்ளவங்க மட்டும் எடுக்கலாம். பைப்புக்கு ஒரு பூட்டு, சாவி மெம்பர் கையில. அப்படீன்னா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

பைலா என்றால் பஞ்சாயத்தின் சொந்தச் சட்டம். எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் கேட்பார்கள், பிறகு கமிட்டி கை உயர்த்தும்.

"அப்ப அம்மிணி?" என்றேன்.

"அது அவங்க சர்க்கார் நோக்கணும். நாம என்ன செய்ய?"

உண்மையை எழுதிவிடுகிறேன்: பஸ் ஸ்டாப் வரும் வரைக்கும் எனக்குச் சந்தோஷம். குழாயும் நிற்கும், கூரையும் வரும், அடுத்த எலெக்‌ஷனில் சொல்லவும் ஆகும். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சாவியை நினைத்தேன். சாவி என் கையில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மிணி, இடுப்பில் காலிக் குடம். எனக்கும் சேர்த்துக் கல் வைத்தவள். திறந்து தா என்று அவள் கேட்கவே மாட்டாள். நான் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

சாவியாம் சாவி. ச்சே.

மார்ச் 12, வியாழன்

பட்ஜெட் நாள். சதாசிவன் அண்ணன் புது வேட்டி கட்டி வந்து, கட்டைக் குரலில் வாசித்தார். ரோடு, தெருவிளக்கு, நாய்க்குத் தடுப்பூசி, குப்பை எடுக்கிற ஹரிதகர்ம சேனை. எங்கள் குழாய்க்கு அதில் ஒரே ஒரு வரி. அந்த வரி வந்ததும் நிறுத்தி, "பைலா வைக்கட்டுமா மெம்பரே?" என்று என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். மலையாளத்தில் ஆரம்பித்தேன். வாய் தானாகத் தமிழுக்கு வந்துவிட்டது.

"பூட்டுப் போட்ட பைப்பு எனக்கு வேண்டாம். அது எனக்க காலத்துல அப்படி நின்னதில்ல, இனியும் நிக்காண்டாம். எடுத்துருங்க. அங்கன்வாடிக்குக் கூரை போடுங்க."

சதாசிவன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கை உயர்த்தச் சொன்னார்கள். என் கையும் உயர்ந்தது. இந்தத் தடவை எண்ணியதில் தப்பில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

மார்ச் 13, வெள்ளி

மற்றவர்கள் சொல்லிக் கேட்கக் கூடாது என்று நானே போனேன். அம்மிணி ஆப்பச்சட்டியில் மாவு சுழற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். பூட்டையும் சொன்னேன். ஆப்பம் வெந்ததும் எடுத்து இலையில் வைத்தாள்.

"அப்ப நான் கல்லை எங்க கொண்டு வைக்க?" என்றாள்.

"எனக்க வீட்டுப் பைப்பு உண்டுல்லா?"

"மெம்பர் வீட்டு அடுக்களையில அடுத்த ஸ்டேட்டுக்காரி குடத்துல வெள்ளம் கோருதான்னு நாலுபேரு பேசவா? உனக்கு அடுத்த தடவை ஓட்டு வேண்டாமா?" என்றவள், "தின்னு பிள்ளே, ஆறிப்போவும்" என்று இலையை என் பக்கம் தள்ளினாள்.

தின்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டு பேர் வந்து குழாயைக் கழற்றினார்கள். அரை மணி நேர வேலைதான். குழாய் நின்ற இடத்தில் மூடி போட்டு, சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

சுகுமாரி என் பக்கத்தில் நின்றாள். திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "நான்தானே மெம்பரே கேட்டது, நான்தானே கேட்டது" என்று அதையே சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளை சுகு என்று கூப்பிட்டேன்.

எதிர்ப்பக்கம் அம்மிணி வீட்டு வாசலில் யாருமில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சபை முடிந்து வரும்போது பார்த்தேன். சுமி கோயில் கிணற்றிலிருந்து மேடேறி வருகிறாள், இரண்டு குடம். அம்மிணி கடையில் இன்று ஆப்பம் இல்லை. சபையில் பாடும்போது கீழ்ச்சுருதி இல்லாதது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அங்கே அது எப்போதுமே இருந்ததில்லைதான்.

ஏப்ரல் 15, புதன்

அங்கன்வாடியில் ஓடு இறக்குகிறார்கள். பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி. சுகுமாரியின் பேத்தி எனக்கு ஒரு ஓட்டுத் துண்டு தந்தது.

சாயங்காலம் பார்த்தால், எல்லை ரோட்டைப் பார்த்த நம் பின்வாசல் கேட்டில் சங்கிலியைக் காணவில்லை. இவரைக் கேட்டேன். "பூட்டு துருப்பிடிச்சிருந்து. களைஞ்சேன்" என்றார். கேட்டுக்கு உள்ளே, துணி துவைக்கிற இடத்துக் குழாய்க்குப் புது வாஷரும் போட்டிருக்கிறார். அம்மிணி வீட்டுக்குப் போய் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டதும் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

ஏப்ரல் 17, வெள்ளி

காலையில் ஜாக்கெட் துணி ஊறவைக்கலாம் என்று பின்பக்கம் போனேன். நன்றாக விடியவில்லை. துவைகல் பக்கத்துக் குழாயடியில் கால் தட்டியது.

கற்கள். வரிசையாக.

முதலில் அந்த வழுவழுப்பான உருண்டைக் கல். அதற்குப் பின்னால் உடைந்த அம்மித் துண்டு. சுகுமாரி வீட்டுக்குள் மூன்று குழாய் இருக்கிறது! அடுத்த ஸ்டேட்டுக்காரி மட்டும் வருகிறாள் என்று நாலுபேர் சொல்லக் கூடாது என்றுதான் அவளும் கல் வைத்தாளாம். அது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவதாக ஒரு அரைச் செங்கல். நான் வைக்கவில்லை.

நேரமாகிவிட்டது என்று அவசரமாகப் பக்கெட்டை நீட்டினேன். பின்வாசலில் குடச் சத்தம். "எட்டி லீலா, கல்லைப் பாரு. ஒனக்க முறை வரட்டு" என்றாள் அம்மிணி.

என் வீட்டுக் குழாய். எனக்கு மூன்றாம் இடம். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றேன்.