மூன்று நைலான் பிரஷ்கள்

மார்ச் 3

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது எர்மெக் கை கழுவ வந்தான். நோவோசிபிர்ஸ்க்கில் கட்டட வேலையிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நாலு வருஷத்துக்குப் பிறகு மகனோடு ஒரே வீடு. அவனுக்கு இப்போது தாடி, ஐந்து வேளைத் தொழுகை. கண்ணாடிக்குக் கீழே இருந்த என் பிரஷ்ஷையே பார்த்தான்.

"அப்பா, இது பன்னி முடி."

"என்னது?"

"இந்த பிரஷ்ஷு. பன்னி முடியில செஞ்சது. இதையா தினம் மூஞ்சில தேய்க்கிறீங்க?"

முப்பது வருஷமாகத் தேய்க்கிறேன். என்ன முடி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் கடையில் கிடைத்தது அது ஒன்றுதான். "உங்கம்மா வாங்கித் தந்தது" என்றேன். அவன் தன் துண்டை எடுத்து வேறு கொக்கியில் மாட்டிவிட்டுப் போனான்.

மார்ச் 4

இன்று காலை வழக்கம்போல கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்லவில்லை. கையை மட்டும் கொடுத்தான்.

மார்ச் 7

ஓஷ் ஊருக்கு மலைப்பாதையில் லாரி ஓட்டிய காலம் நினைவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்யாணமான புதிதில் சல்கினும் கூட வருவாள். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திப் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம். ஸ்டவ்வில் தண்ணீர் காய்ச்சி, தேநீர்க் கிண்ணத்தில் பிரஷ்ஷை ஊறப் போடுவாள். அந்த முடி ஊறினால்தான் இளகும். ஊறும் வரைக்கும் நான் அவளுக்குச் சொந்தம். அக்கம்பக்கத்துச் சண்டை, பனியில் செத்த ஆடு, அவள் கண்ட கனவு — எல்லாம் அப்போதுதான் சொல்வாள். லாரியை விட்ட பிறகும், இந்தக் குளியலறையிலும், அதே வழக்கம்.

மூன்று வருஷம் முன்னால், ஜனவரியில், நிமோனியாவில் போனாள். எர்மெக் வரவில்லை. "வர முடியாது, மன்னிச்சிடுங்க" என்று ஒரு குறுஞ்செய்தி. போன்கூட இல்லை. நான் அடித்தபோதும் எடுக்கவில்லை.

பெத்தவளுக்கு ஒரு பிடி மண்ணு போட வராதவன், இன்னைக்கு என் பிரஷ்ஷுல பாவம் பாக்குறான்! எங்கடா போச்சு அப்ப உன் மார்க்கம்?

வாய்விட்டுக் கேட்கவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மார்ச் 10

இங்குள்ள ஓஷ் பஜாருக்குப் போனேன். பழைய பிரஷ்ஷில் முடி கொட்டுகிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை.

சோப்பு, ரேசர் விற்கும் மெரியம் என்னைப் பல வருஷமாக அறிந்தவள். "பன்னி முடி வேண்டாம்" என்றதும் சிரித்தாள்.

"அண்ணே, திடீர்னு என்ன? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"இந்த மூஞ்சிக்குப் பொண்ணு வேற! மகன் வந்திருக்கான்."

"அப்ப நைலான்தான். ஒரு மிருகத்துக்கும் பதில் சொல்ல வேண்டாம்."

நுனியைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒன்று வாங்கினேன்.

மார்ச் 11

பிரஷ் இல்லை, துடைப்பம். அழுத்தினால் வில் மாதிரி நிமிர்ந்து நுரையைத் தெறிக்கவிடுகிறது — கண்ணாடியில், புருவத்தில், சுவரில்.

எர்மெக் எட்டிப் பார்த்தான். "அப்பா, சுவத்துக்கும் சேத்து சவரமா?"

வந்ததிலிருந்து அவன் சிரித்தது இதுதான் முதல் முறை. அவன் அம்மாவின் சிரிப்பு. பிரஷ்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

மார்ச் 14

மெரியமிடம் மாற்றி வாங்கிய இரண்டாவது. இழை மெல்லியது, கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி. ஆனால் முதுகெலும்பு இல்லை. கட்டி சோப்பில் வைத்தால் மடிந்து படுத்துக்கொள்கிறது. கன்னத்துக்குச் சுகம், வேலைக்கு ஆகாது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நைலான் தண்ணீர் குடிப்பதில்லை. நனைத்து உதறினால் உடனே தயார், மதியத்துக்குள் காய்ந்தும் விடுகிறது. பழையது மறுநாள்வரை ஈரமாக இருக்கும்.

கெட்டிலோடு வந்து நின்றேன். ஊறப் போட எதுவும் இல்லை. அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் அப்படியே நின்றேன், சல்கின்.

மார்ச் 19

மூன்றாவதை எர்மெக்கே வாங்கி வந்துவிட்டான்! "உங்கப்பா இன்னும் ரெண்டு தடவை வந்தா நான் கடையச் சாத்தணும்னு அந்தம்மா சொல்றாங்க" என்றான். கறுப்பு இழை, வெள்ளை நுனி. அடர்த்தி, உயரமும் அளவு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துச் சுழற்றினேன். பாலாடை மாதிரி நுரை.

"நான் சொன்னா போதுமா? நீயே பாரு, வா."

கழுத்தில் முடி கண்டபடி வளர்ந்திருந்தது, ஒதுக்கிவிடலாம் என்றேன். தயங்கினான், பிறகு சமையலறை முக்காலியில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அவனுடைய முதல் சவரத்தை நான்தான் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு இன்றுதான் அவன் முகத்தைக் கையால் தொடுகிறேன்.

கழுத்திலிருந்து மேலே பிரஷ் போனது. தாடி நனைந்து படிந்தபோது இடது தாடையோரம் ஒரு தழும்பு தெரிந்தது. விரல் நீளம். தொட்டேன், கீழே எலும்பு படிபோல இறங்கியிருந்தது.

"இது என்னடா?"

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"சாரத்துலேருந்து விழுந்துட்டேன்ப்பா. அந்த ஜனவரியில. தாடையைக் கம்பி போட்டுக் கட்டிட்டாங்க. வாயைத் தொறக்க முடியாது. நீங்க போன் அடிச்சப்ப கையிலதான் இருந்துச்சு. எடுத்து என்னத்தப் பேசறது? எழுதவும் கை ஓடல, அந்த மெசேஜை நர்ஸம்மாதான் எழுதி அனுப்புனாங்க."

"ஏன்டா சொல்லல?"

"அம்மா உடம்பு சரியில்லாம இருக்காங்களே, சொல்ல வேண்டாம்னு இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாங்க. அப்புறம் சொன்னா... சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னு."

"யாரு பாத்துக்கிட்டா உன்னை?"

"பள்ளிவாசல்காரங்க. தெரியாதவங்கதான். தினம் சூப் கொண்டுவந்து குழாய் போட்டுக் குடிக்க வைப்பாங்க."

கன்னத்தில் நுரை காய்ந்துபோயிருந்தது. பிரஷ்ஷை மறுபடி நனைத்தேன். ரேசரை அவன் தொண்டைக்குக் கீழே வைத்து மெல்ல இழுத்தேன். அவன் கழுத்தை அசைக்கவே இல்லை.

மார்ச் 20

அவனுக்காக நூடுல்ஸ் சூப் வைத்தேன். இறைச்சியை வலது பக்கமே ஒதுக்கி மெல்லுகிறான். வந்த நாளிலிருந்தே அப்படித்தானா?

மார்ச் 21

நௌரூஸ், வசந்தப் புத்தாண்டு. பழைய பிரஷ்ஷைச் சல்கினின் தையல் பெட்டியில் வைத்தேன். "தூக்கிப் போட வேண்டாம்ப்பா" என்று அவனே சொன்னான்.

ஏப்ரல் 6

மலைப் பாதையில் பனி உருகிவிட்டது. சல்கினிடம் போனோம். எர்மெக் கல்லறை வேலியைச் சரிசெய்து, காய்ந்த புல்லைப் பிடுங்கி, மண்டியிட்டு ஓதினான். எனக்கு அந்த வார்த்தைகள் வராது. உள்ளங்கையை விரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

ஓதி முடித்தும் அவன் எழுந்திருக்கவில்லை. "அம்மா" என்று ஆரம்பித்தான். நான் மெல்ல எழுந்து பாப்ளர் மரங்கள் வரைக்கும் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது, கை ஆடுவதும் தலையைச் சாய்ப்பதும். வெயில் சரியும்வரை பேசினான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.