வில்லுக்குத் தடவிய தேங்காயெண்ணெய்

அண்ணே,

இங்கே காற்றில் ஈரம் அதிகம். காலையில் அடுக்களைக்குள் போனேன். உப்பு ஜாடி மூடியில்லாமல் கிடந்தது. சின்ன மருமகள் மூட மறந்திருக்கிறாள். கசியாமல் இருக்க நாலு அரிசி போட்டு வைத்த கல்லுப்பு அரிசியோடு சேர்ந்து ஊறி, அடியில் தண்ணீராக நின்றது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடல். மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்தால் உப்பு ஒரு நாள்கூடத் தாங்காது. மருமகளைத் திட்ட வாயைத் திறந்தேன். உங்கள் ஞாபகம் வந்தது. ஜாடியை ஒதுக்கி வைத்துவிட்டு, பேத்தியின் பழைய நோட்டில் இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எந்தக் கடிதமும் ஊர்க் காற்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பது நம் செல்லோக் குழுவின் வழக்கம். செல்லோ என்கிற அந்தப் பெரிய பிடில் மரத்தால் ஆனது, ஈரம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு உடம்பு கெடும், அதனால் முதலில் காற்றை விசாரிக்கிறார்கள் என்று பேத்தி சொன்னாள். எங்கள் தெருவில் ஆளை விசாரிப்பதற்கே நேரமில்லை. முகம் தெரியாதவர் வீட்டு மரத்தை விசாரிக்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே அன்று எனக்குப் பெரிய ஆச்சரியம்.

நீங்கள் போய் இது மூன்றாவது மழைக்காலம். நீங்கள் இருந்தவரை நான் சொல்லச் சொல்லப் பேத்தி இங்கிலீஷில் தட்டுவாள். இன்று நடுவில் ஆள் வேண்டாம் என்று தோன்றியது. போனவர்களுக்கு எல்லா பாஷையும் தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி வாசிக்கிற செல்லோ எங்கள் கோயிலுடையது. பாடகர் குழுவின் பீரோவுக்குப் பின்னால் வருடக்கணக்காகச் சாய்ந்து கிடந்தது. பிடில் மட்டும் தெரிந்த பாட்டு மாஸ்டர் அதைத் தூசி தட்டி, என் பேத்தியின் நீளமான விரல்களைப் பார்த்து அவளிடம் கொடுத்தார். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. வீட்டில் நாங்கள் பாப்பா என்போம். பங்குச் சாமியார் ஒன்றே ஒன்று சொன்னார்: "இது கோயில் பொருள்மா. சேதம் வந்தா திரும்ப பீரோவுக்குப் பின்னாடி போயிடும்."

முதல் நாள் பாப்பா முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அடித் தந்தியை வில்லால் இழுத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணே, அந்தச் சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை. செல்லோவின் அடியிலிருந்து தரையில் ஊன்றிய கம்பி வழியாக இறங்கி, என் கால் வழியாக ஏறியது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் ஜன்னல் அதிரும். அதே அதிர்வு என் பேத்தி தழுவிக்கொண்டிருந்த மரத்திலிருந்து வந்தது. உரித்த பூண்டைத் தோலோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

மாஸ்டருக்குத் தெரிந்தது ஒரு மாதத்தில் தீர்ந்துபோனது. தெருமுனையில் அப்போதுதான் பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். பாப்பா அங்கே போய் உங்கள் குழுவைக் கண்டுபிடித்தாள். ஒருவர் எழுதினால் எல்லா நாட்டிலும் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேருமாம். விரலை எங்கே வைப்பது, முதுகை எப்படி நிமிர்த்துவது என்று அவள் கேட்க, யார் யாரோ பதில் எழுதினார்கள்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் அவள் தனியாக வாசிப்பது என்று முடிவாயிற்று. மூன்று வாரம் இருக்கும்போது நான் அந்த வேலையைச் செய்தேன்.

சனிக்கிழமை. பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். வீட்டைத் துடைக்கும்போது வில்லைப் பார்த்தேன். முடி முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பொடி, பொடுகு பிடித்த தலை மாதிரி. அது குதிரைவால் முடி என்று அவளே சொல்லியிருக்கிறாள். முடியைப் பராமரிக்க எனக்குத் தெரியாதா? மூன்று பெண்களுக்குத் தலை வாரி வளர்த்தவள். சீயக்காய் போட்டு அலசினேன். நிழலில் காயவைத்தேன். உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் விட்டு மேலிருந்து கீழே இரண்டு முறை நீவினேன். என்ன மினுமினுப்பு என்கிறீர்கள்.

சாயங்காலம் பாப்பா வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தாள். வில் போனது, வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஆயா, வில்லாண்ட யாரு வந்தது?"

"நான்தான் கண்ணு. ஒரே கலீஜா இருந்திச்சி. சீயக்கா போட்டு கயுவி, எண்ணெ வெச்சேன்."

"எண்ணெயா?"

"சுத்தமான செக்கு எண்ணெ. உன் தலைக்கி வெக்கிறதுதான்."

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். வில்லை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். முடி தந்தியைப் பிடித்தால்தான் சத்தம் வரும். பிடிப்பதற்காகத்தான் பிசினைத் தேய்த்து அந்தப் பொடி ஏற்றுகிறார்கள். எண்ணெய் பட்டால் வழுக்கும். அவள் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாமியாருக்குத் தெரிந்தால் செல்லோ போய்விடும். கையைப் பிடித்து அவளைப் பிரௌசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி சிரித்தான். "இன்னா ஆயா, நீயும் மெயிலு போட வந்துட்டியா? எந்த ஊர்ல தோஸ்து?"

"வாய மூடினு பொட்டிய போடுடா."

பாப்பா தட்ட ஆரம்பித்தாள். என்ன எழுதுகிறாய் என்றேன். எண்ணெய் தவறிக் கொட்டிவிட்டது என்று எழுதுகிறாளாம்.

"கொட்டிச்சின்னு எய்தாத. எங்க ஆயா தடவிட்டான்னு எய்து."

"சிரிப்பாங்க ஆயா."

"சிரிச்சிட்டு போட்டும். டாக்டராண்ட வவுத்து நோவ தல நோவுன்னு சொன்னா இன்னா மாத்திர குடுப்பாரு? உள்ளத எய்து."

மறுநாள் பூசை முடிந்து நேராக அங்கே போனோம். பதினோரு கடிதம் வந்திருந்தது. பாப்பா ஒவ்வொன்றாகப் படித்தாள். அவள் முகம் எனக்குப் புரியவில்லை.

"இன்னா சொல்றாங்க? மருந்து கீதா இல்லியா?"

"மருந்து கடைசில சொல்றாங்க ஆயா. முன்னாடி எல்லாரும் அவங்கவங்க பண்ண தப்ப எய்திகீறாங்க."

ஒருவர் வில்லின் மேல் உட்கார்ந்து முறித்திருக்கிறார். ஒரு டாக்டரம்மா செல்லோவைக் கார் மேல் வைத்துவிட்டு, மறந்து, காரை எடுத்திருக்கிறார். ஒரு பெரிய வாத்தியார், மேடையில் வாசிக்கிறவராம், தந்தியை மாற்றி மாட்டி ஒரு வாரம் வாசித்தும் கண்டுபிடிக்கவில்லையாம். எல்லாம் படித்தவர்கள். ராயபுரத்துக் கிழவி ஒருத்தி தனியாக நிற்கக் கூடாதென்று ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்கள். யாரும் சொல்லி வைத்துச் செய்ததில்லை. அது அவர்கள் பழக்கம்.

கடைசிக் கடிதம் உங்களுடையது. பனி கொட்டும் நாடு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, அதன் பிறகு செல்லோ கற்றுக்கொண்டவர். உங்கள் குரலை நான் கேட்டதே இல்லை. எனக்கு நீங்கள் பாப்பாவின் வாயால், எங்கள் பாஷையில்தான் பேசினீர்கள்.

"இவுரு மொத மொத குளிர் காலத்துல செல்லோக்கு குளுரும்னு அடுப்பாண்ட நிறுத்தி, கம்பளி போத்தி வெச்சிகீறாரு ஆயா. காத்தால பாத்தா வவுறு நீட்டுக்கு பொளந்துகினு இருந்திச்சாம். நீ அவுரவிட கெட்டிக்காரியாம். நீ பண்ணத தொடச்சிடலாமாம்."

பாப்பா சிரித்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மரத்துக்குக் குளிருமே என்று போர்வை போர்த்தின ஆள் எங்கோ பனிக்குள் உட்கார்ந்து, முடிக்கு எண்ணெய் வைத்தவளைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

மருந்தையும் விவரமாக எழுதியிருந்தீர்கள். பாத்திரம் கழுவுகிற சோப்பு, பிறகு மரத்துக்குப் பாலிஷ் போடுகிற ஸ்பிரிட், ஆனால் ஒரு சொட்டும் வில்லின் கட்டையில் படக் கூடாது. நுணுக்கமான சீப்பால் வார வேண்டும். பேன் சீப்பு ஆகுமா என்று கேட்டு எழுதச் சொன்னேன். அதைவிட நல்ல சீப்பு எங்கள் யாரிடமும் இல்லை என்று பதில் வந்தது. கட்டையைத் துணியால் சுற்றிப் பாப்பா பிடித்துக்கொள்ள, நான் முடியைத் துடைத்தேன். மூன்று நாள் விட்டு இன்னொரு தரம். சத்தம் வந்தது, ஆனால் தொண்டை கட்டின மாதிரி. பழைய பிசின் தேய்ந்து முடிகிற நிலை. அப்போதுதான் தபால்காரர் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். நீங்கள் அனுப்பிய பிசின் கட்டி. துணியைப் பிரித்ததும் குங்கிலிய வாசனை வீடு முழுக்க. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த வாசனையோடு சாமியாரிடம் போனேன். பதினோரு பேர் தங்கள் தப்பைச் சொன்ன பிறகு நான் மட்டும் மறைப்பது சரியில்லை.

"எண்ணெயா? எந்த எண்ணெய்?" என்றார் சாமியார்.

"தேங்காயெண்ணெ சாமி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பும்போது முகம் நேராக இருந்தது. "பாப்பா கிறிஸ்துமஸுக்கு வாசிக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

கிறிஸ்துமஸ் காலையில் நான் இரண்டாவது பெஞ்சில் முழங்காலில் இருந்தேன். பாப்பா வில்லை வைத்தாள். அடித் தந்தி பேசியது. கல் தரை வழியாக வந்து என் முழங்காலில் ஏறியது. துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிற என் மூத்த மகன், எதற்கும் அசையாதவன், பக்கத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அந்த வில்லில் சீயக்காய் இருந்தது, பேன் சீப்பு இருந்தது, பனி நாட்டுப் பிசின் இருந்தது. முன்பின் பார்க்காதவர்கள் எல்லாரும் சேர்ந்து என் பேத்தியின் கையோடு கை சேர்த்து வில்லை இழுப்பது போல இருந்தது. ஆண்டவரே என்றேன். செல்லோ எங்கள் வீட்டிலேயே தங்கியது.

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். எனக்கு வாய் வரவில்லை. வயது கேட்டேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணே என்று போடச் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம், அப்படியானால் நீங்கள் எனக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதினீர்கள். தங்கச்சி என்று பாப்பா எழுதினாள். அதற்குப் பிறகு எனக்கு வருகிற கடிதங்களின் கீழே உங்கள் பெயர் இல்லை. அண்ணே என்ற ஒரு வார்த்தைதான்.

அடுத்த மழைக்காலத்தில் தீவு ஒன்றிலிருந்து ஒருவர், பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கிறது என்று எழுதினார். பச்சரிசியை வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து பெட்டிக்குள் போடச் சொன்னேன், உப்பு ஜாடிக்குப் போடுகிற மாதிரி. போட்டுப் பார்த்துவிட்டு நாலைந்து ஊர்க்காரர்கள் நன்றி எழுதினார்கள். உங்கள் ஊரில் காற்று காய்ந்து கிடப்பதால் நீங்கள் பெட்டிக்குள் ஈரத் துணி வைப்பவர். "தங்கச்சி ஈரத்தை எடுக்கிறாள், அண்ணன் ஈரத்தைக் கொடுக்கிறான்" என்று எழுதினீர்கள். அதைப் பாப்பா வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள்.

பிறகு ஒரு நாள் உங்கள் மகள் குழுவுக்கு எழுதினார். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். அதில் 'ராயபுரத்தில் இருக்கும் என் தங்கை' என்று இருக்கிறது. அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. இவர் யாரென்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

நாங்கள் அதைப் படித்தது இரண்டு நாள் கழித்து. அதற்குள் பலர் பதில் போட்டிருந்தார்கள். பாப்பா ஒவ்வொன்றையும் மெதுவாகப் படித்தாள். எங்களுக்குத் தெரியும். வறுத்த அரிசி சொல்லிக் கொடுத்தவர் அவர். பேத்தியைச் செல்லோ வாசிக்க வைத்தவர். கடற்கரையில் இருக்கிறார். உங்கள் அப்பாவுக்கு அண்ணே என்று எழுதுவார்.

அண்ணே, அந்தக் குழுவில் என்னை எல்லாருக்கும் தெரிந்தது எண்ணெயால்தான். ஒருவர்கூட எண்ணெயை எழுதவில்லை. தகப்பனை இழந்த பெண்ணிடம் அவளுடைய அத்தையை அறிமுகம் செய்கிறார்கள், அதனால் அரிசியைச் சொன்னார்கள். கடைக்காரத் தம்பி வந்து, "இன்னா ஆயா ஆச்சி, தண்ணி குடுக்கட்டா?" என்று கேட்கிறவரை அந்த நாற்காலியில் அப்படியே இருந்தேன்.

எண்ணெயை நானே சொன்னேன். உங்கள் மகளுக்கு முதலில் ராயபுரத்துக் காற்றை எழுதச் சொல்லி, பிறகு எல்லாவற்றையும் எழுத வைத்தேன். அவர் பதில், 'இங்கே பனி உருகுகிறது, காற்று மெல்ல ஈரமாகிறது, அத்தை' என்று தொடங்கியது. அத்தை என்ற வார்த்தையை யாரிடம் கேட்டு எழுதினாரோ.

பாப்பாவுக்கு இப்போது இருபத்தொன்று. கல்லூரி முடிந்து மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள். குழுவில் புதிதாக வருகிறவர்கள் பயந்து பயந்து கேட்டால், என் எண்ணெயைத்தான் முதலில் சொல்கிறாள். நான் அனுமதி கொடுத்திருக்கிறேன். எனக்கு உங்களிடமிருந்து வந்தது ஒரே பழக்கம். யாரையாவது திட்ட வாயெடுத்தால், என் தப்பு ஒன்றை முதலில் தேடுகிறேன். தேடுவதற்குக் கஷ்டமில்லை, நிறைய இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சின்ன மருமகள் வந்து நின்றாள். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"அத்த, உப்பு ஜாடி நான்தான் மூடாம வுட்டுட்டேன்."

"பரவால்ல. நான் ஒரு தபா இன்னா பண்ணேன் தெரியுமா…"

"வில்லுக்கு எண்ணெ தடவுனீங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னீங்க அத்த."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இப்போது அவள் சட்டியில் அரிசி வறுக்கிறாள். ஜாடிக்கு நாலு, பாப்பாவின் பெட்டிக்கு ஒரு முடிச்சு. வாசனை வருகிறது. கருகுவதற்குள் நான் போய்ப் பார்க்க வேண்டும்.

உங்கள்
ராயபுரத்துத் தங்கச்சி