வாயு மூலைக் குழி

ஜூலை 3

மலைமேல் வாழவந்தி நாடு. செங்கோடனின் அரசுத் திட்ட வீடு, நான்தான் இன்ஜினியர். அஸ்திவாரம் சரி, கழிவுக்குழிதான் தகராறு. நான் குறித்துக் கொடுத்தது ரோட்டுப் பக்கச் சரிவில். மனுஷன் வடமேற்கு மூலையில் கடப்பாறை போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு நேர் கீழே ஊற்று. கீழ்த்தெரு முழுக்க அதைத்தான் குடிக்கிறது.

"வாயு மூலைங்க சார். வாஸ்துக்காரரு போன்லயே பாத்துச் சொல்லிட்டாருங்க."

மலையே ஏறாத ஆள். சரிவு அவன் போனில் தெரியுமா?

ஜூலை 5

லெவல் கருவி வைத்துச் சரிவை அளந்து, படம் வரைந்து, கழிவு எப்படி ஊற்றுக்கு இறங்கும் என்று அரை மணி நேரம் விளக்கினேன்.

"படம் நல்லா இருக்குதுங்க" என்றார்.

ஜூலை 9

கத்திவிட்டேன். வாஸ்து எல்லாம் பிராடு, அங்கே தோண்டினால் பில்லில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. அவர் மனைவி பூங்குழலி உள்ளே போய்விட்டார். செங்கோடன் கடப்பாறையைக் கீழே வைத்தார்.

"அப்ப ஊடே வேணாம்ங்க சார். வுட்டுருங்க."

ஜூலை 10

நர்ஸ் ஜெசிந்தா ஆபீசுக்கே வந்து திட்டினார். "பூங்குழலிக்கு இது மூணாவது, விஷ்ணு. முன்னாடி ரெண்டும் தங்கல. பழைய வீட்டுல கக்கூஸ் ஈசானிய மூலைல இருந்ததுதான் காரணம்னு அந்த ஆளு சொல்லி வச்சிருக்கான். இப்ப நாலாம் மாசம். நீங்க அங்க போய் பிராடுன்னு கத்திருக்கீங்க."

எனக்கு யார் சொன்னார்கள் என்றேன்.

"நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதுக்காக ஊத்துல கழிவை விட முடியுமா?

ஜூலை 13

கோபத்தில், வீடு கட்டுவது பற்றிய பழைய சிற்ப நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். அந்த வாஸ்துக்காரன் சொன்னதை அவன் சாஸ்திரத்தை வைத்தே உடைக்கலாமென்று. செப்டிக் டேங்க் அதில் இல்லை, எப்படி இருக்கும்? ஆனால் மூலை, திசை எல்லாம் பிறகுதான். முதலில் மண். நிறம், வாசனை, சரிவு. முழ ஆழம் குழி தோண்டி, சாயங்காலம் தண்ணீர் ஊற்றி, விடிந்ததும் பார். நின்றால் நல்ல நிலம். சுத்தமாக வற்றியிருந்தால் விட்டுவிடு.

மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இழுக்கிறது என்று காலேஜில் நாங்கள் பார்த்தோமே — அதேதான். இதை மட்டும் ஏன் ஒருத்தனும் சொல்வதில்லை? போனில் செய்ய முடியாது, அதனால்.

ஜூலை 15

செங்கோடனிடம் சொன்னேன். "பழைய நூல்லயே இருக்குதுங்களா?" உடனே அந்த வாயு மூலையில் அவரே தோண்டினார். அவரே ஊற்றினார்.

ஜூலை 16

காலையில் குழியில் ஈரம்கூட இல்லை. அடியில் பாறை வெடிப்பு. குனிந்து கையை விட்டுப் பார்த்தார். "இந்த எடம் ஆகாதுங்க சார்."

நான் என்னத்தைச் சொன்னேன் இத்தனை நாளா? லெவல் வைத்துச் சொன்னால் காதில் ஏறாது, பழைய நூல் என்றால் ஏறும். எரிகிறது. நானும் அதையே சொல்லித்தானே ஜெயித்தேன் — அது இன்னும் எரிகிறது.

கிளம்பும்போது பூங்குழலி கேட்டார். "ரோட்டுப் பக்கம் வச்சா எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே சார்?"

குழிக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் பதில்.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

ஜூலை 17

அதைச் சொல்ல நான் யார்? எதை வைத்துச் சொன்னேன்?

ஆகஸ்ட் 22

குழி முடிந்தது, ரோட்டுப் பக்கம். கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 8

ஜெசிந்தா: "பூங்குழலி நல்லாத்தான் இருக்கா. பார்க்கிறப்பல்லாம் கேக்காதீங்க, எனக்கே பயமா இருக்கு."

டிசம்பர் 18

மத்தியானம் செங்கோடன் போன். "பொண்ணுங்க சார். ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. நீங்க பாத்துக் குடுத்த எடம்தானுங்க சார்."

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க என்று வாய் வரை வந்தது. பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"எத்தனை கிலோங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டே முக்காலுங்க."

"நல்ல வெயிட்டுங்க" என்றேன்.