எஸ்தர் பின்னால் வந்த வாரம்

14 ஜூலை, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ராத்திரி பெய்த மழையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 7.50க்குக் கிளம்பியிருக்க வேண்டும். 7.58.

செய்ய வேண்டியவை:
– எஸ்தர் பெட்டிக்குப் பூட்டு
– கேஸ் புக்கிங்
– சரோஜா ஆன்ட்டியிடம் வீடு பற்றிப் பேச்சு (இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது)
– நூலகத்துக்குப் பதில்

வழக்கம்போல போனில் டைப் செய்கிறேன். முடித்ததும் போன் திரும்பப் படித்துக் காட்டும், எல்லாவற்றையும் செய்தி வாசிக்கிற குரலில். நான் அழுதபடி எழுதினாலும் அதே குரல்தான் வரும். அதனால் அழுதபடி எழுதுவதில்லை.

தங்கை எஸ்தர் ஞாயிற்றுக்கிழமை புனே போகிறாள். மே மாதம் கல்யாணம் ஆயிற்று, மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. ஆறு வருடமாக நாங்கள் இரண்டு பேரும்தான் இந்த மேற்குத் தாம்பரம் மாடி வீட்டில். வாடகை ஒப்பந்தம் அவள் பேரில். இனி நான் மட்டும்.

அம்மா திண்டுக்கல்லிலிருந்து தினமும் போன். "கண்ணு தெரியாத புள்ளைய அங்க தனியா விட்டுட்டு நான் எப்படித் தூங்குவேன்? ட்ரான்ஸ்ஃபர் கேட்டு வந்துரு ரெபேக்கா." பல்லாவரம் வங்கிக் கிளையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாயிற்று. வரமாட்டேன் என்று சொன்னேன். அம்மா போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் வீட்டு மிக்ஸி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். தேங்காய்ச் சட்னி என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. காலையில் தெருவில் பின்னால் ஒரு செருப்புச் சத்தம். வலது கால் மட்டும் கீச், கீச். நின்றேன், அதுவும் நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது. ஸ்டேஷன் படிக்கட்டில் வந்தது, லேடீஸ் பெட்டியில் ஏறியது, பல்லாவரத்தில் இறங்கியது. எஸ்தரின் கல்யாணச் செருப்பு. லீவு போட்டுப் பெட்டி அடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் கேட்டேன்: "இன்னிக்கு என்னடி பண்ணினே?"

"பெட்டி அடுக்கினேன்கா."

பொய் சொல்லும்போது அவளுக்குக் குரல் அரைக்கட்டை ஏறும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இரவுச் சமையலுக்கு அரிசி களையப் போனேன்.

15 ஜூலை, செவ்வாய்

வெயில். இன்றும் கீச், கீச்.

ஸ்டேஷன் படிக்கட்டுப் பூக்கார ராணியக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். "யம்மா, ஒன் பின்னாலயே ஒரு பொண்ணு வந்துகினு கீது. நேத்தும் வந்துச்சு. துப்பட்டாவால மூஞ்சிய மூடிகினு. போலீஸாண்ட சொல்லட்டா?"

"வேணாம்கா. என் தங்கச்சிதான்."

"தங்கச்சின்னா கூடவே வர்றதுதானே? இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

நியாயமான கேள்வி. ஒரு முழம் மல்லி வாங்கினேன்.

சாயங்காலம் கீழ் வீட்டில் சரோஜா ஆன்ட்டியிடம் பேசிவிட்டேன். வீட்டுக்காரம்மா. நல்லவர், பயந்தவர். ஒப்பந்தத்தை என் பேருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

"உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. மேல கேஸ் இருக்கு. மாடிப்படி இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எனக்குத்தானே கெட்ட பேரு? உங்க அம்மா வந்து கூட இருந்தா தாராளமா இருந்துக்கோ."

"ஆன்ட்டி, ஆறு வருஷமா மேல சமைக்கிறது நான்தான். எஸ்தருக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது."

ஆன்ட்டி மெதுவாக, "அந்த ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு?"

"நான்தான்."

"அடக் கடவுளே." யோசித்து ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொன்னார். நம்பவில்லை என்றுதான் தோன்றுகிறது. வேறு வீடு தேடுவதென்றால் ஒரு மாதமாவது ஆகும். புதுத் தெரு, புதுப் படிக்கட்டு, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. முடியாது என்றில்லை. எனக்கு இந்த வீடு வேண்டும்.

16 ஜூலை, புதன்

கேஸ் புக் ஆயிற்று. பூட்டு வாங்கவில்லை.

நூலகத்து முருகேசன் சார் மறுபடி போன் செய்தார். சனிக்கிழமை மாலை பகுதி மக்கள் கூட்டம். தலைப்பு: இது எப்போது உங்கள் ஊர் ஆனது? ஆளுக்கு மூன்று நிமிடம்.

"நீங்க கண்டிப்பா பேசணும்மா. உங்க தன்னம்பிக்கை எல்லாருக்கும் ஒரு பாடமா இருக்கும்."

"பாடம் எடுக்க வரலை சார். கதை வேணும்னா சொல்றேன்."

சார் தடுமாறி, "அதேதாம்மா, அதேதான்" என்றார்.

மதியச் சாப்பாட்டில் எல்லாரையும் கேட்டேன். கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் வசந்தி: "தண்ணி லாரிக்காரர் நம்பர் மனப்பாடம் ஆச்சு பாரு, அன்னிக்கு." வாசல் செக்யூரிட்டி, ஒடிசாக்காரர்: "கஸ்டமர் என்னை அண்ணான்னு கூப்பிட்டது, மேடம்." மேனேஜர்: "எனக்கு இன்னும் ஆகலை." பாவம், மதுரைக்காரர்.

நானே கவனித்தது ஒன்று. எங்கள் ஆபீஸ் தலைக்கு மேல்தான் விமானங்கள் இறங்கும். அந்த இரைச்சலில் யாரும் பேச முடியாது. புதிதாக வந்தவர்கள் விமானம் போனதும் சொன்னதை முதலிலிருந்து சொல்வார்கள். ஊர்க்காரர்கள் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். வசந்தி ஒருமுறை "அப்ப என் மாமியார்" என்று நிறுத்தி, விமானம் போனதும் "செத்தே போச்சு" என்று முடித்தாள். செத்தது மாமியார் இல்லை, அவர் வளர்த்த முருங்கை மரம்; பேச்சே அதைப் பற்றித்தான்.

கீச், கீச் உண்டு. மூன்றாவது நாள். இன்று இருமினாள் வேறு.

17 ஜூலை, வியாழன்

காலை மழைத் தூறல். மோசமான நாள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

மழைநீர் வடிகாலுக்காக எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நேற்று மாலை வரை இல்லை. வாசலிலிருந்து இடப்பக்கம் போனால் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம், அதைத் தாண்டி மளிகைக் கடை, அங்கே வலது. இதுதான் என் பாதை. இன்று டிரான்ஸ்ஃபார்மர் வருமுன்பே ஸ்டிக் மண்மேட்டில் குத்தி நின்றது. பக்கத்தில் பொக்லைன் உறுமல். ஒரு ஆள் கத்தினார்: "மேடம், இப்டி வராதீங்க, அப்டி போங்க!"

இப்டி, அப்டி. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

திரும்பி வேறு தெருவில் நுழைந்தேன். அது நான் நினைத்த தெரு இல்லை. பொக்லைன் சத்தம் எல்லாச் சுவரிலும் மோதி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ஸ்டிக் ஒரு காரில் பட்டது, பிறகு ஒரு ஸ்கூட்டரில், பிறகு ஒன்றுமே இல்லை. பயந்தேன். பல வருடம் கழித்து இந்த ஊரில் பயந்தேன்.

பின்னால் பத்தடி தூரத்தில் கீச் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள். "எஸ்தர்" என்று ஒரு வார்த்தை போதும். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

கூப்பிடவில்லை. அசையாமல் நின்று மூச்சு விட்டேன். கரி வாசனை வந்தது. கூடவே சூடான துணி வாசனை. இஸ்திரி வண்டி.

"அண்ணா, இது எந்தத் தெரு?"

"நாலாவது குறுக்குத் தெரு. எங்க போணும்?"

"முடிச்சூர் ரோடு."

"நேரா போனா பால் பூத்து, அத்தோட லெஃப்டு. கூட வரட்டா?"

"வேணாம்ணா. பால் பூத் வரைக்கும் எத்தனை வீட்டு கேட்டு?"

அவர் வண்டியை விட்டு நாலடி முன்னால் போய் எண்ணினார். "ஆறு கேட்டு. அஞ்சாவது கேட்டாண்ட ஒரு நாய் படுத்துகினு கீது. ஒண்ணும் பண்ணாது."

இவ்வளவு சரியாக வழி சொன்னவர் சமீபத்தில் யாரும் இல்லை. ஆறு கேட். ஐந்தாவதில் நாய், குறட்டையுடன். பால் பூத். இடது. பஸ் சத்தம். இரண்டு ட்ரெயினை விட்டேன். ஆபீஸுக்கு இருபது நிமிடம் லேட்.

ராத்திரி எஸ்தருக்கு மூக்கடைத்த குரல். "ஜலதோஷம்கா." சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள்.

18 ஜூலை, வெள்ளி

புதுப் பாதையிலேயே போனேன். ஆறு கேட், பால் பூத். நேரத்துக்கு ட்ரெயின்.

பல்லாவரத்தில் சந்தை நாள். ரோடெல்லாம் கூட்டம். ஸ்டேஷன் வெளியே டீக்கடையில் நின்றேன்.

"அண்ணா, ரெண்டு டீ. ஒண்ணுல சக்கரை கம்மி."

"இன்னொண்ணு யாருக்கு மேடம்?"

"எனக்குப் பின்னாடி துப்பட்டா போர்த்திக்கிட்டு நிக்கிறாளே, அவளுக்கு."

கீச், கீச், கீச். பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"திங்கக்கிழமை. நம்ம தெரு முனையிலேயே."

"அக்கா!" சிரித்தாள், உடனே அழுதாள். டீக்கடைக்காரர் டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். "அம்மாதான் பார்த்துட்டு வரச் சொன்னாங்க. நீ தனியா எப்படிப் போற வர்றேன்னு. எனக்கும் பார்க்கணும்னு இருந்துச்சு. ஆறு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம், நீ ரோட்ல எப்படி நடக்கிறேன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"பார்த்தியா?"

"நேத்து வழி மாறிப் போனப்ப ஏன் என்னைக் கூப்பிடலை? பத்தடியில நின்னேன். என்னால தாங்க முடியலைக்கா."

"கூப்பிட்டிருந்தா நீ புனே போகவே மாட்டே."

என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மேலே ஒரு விமானம். அது போகும் வரை இருவரும் நின்றோம். டீ ஆறிவிட்டது. குடித்தோம். பிறகு நான் ஆபீஸுக்கு, அவள் சந்தைக்கு. பூட்டு வாங்கி வருகிறாளாம்.

19 ஜூலை, சனி

கூட்டம் ஐந்தரைக்கு. ஆறுக்குத்தான் ஆரம்பம். முப்பது நாற்காலி, இரண்டு ஃபேன், ஒன்று மட்டும் சுற்றும் சத்தம்.

அழகு நிலையத்தில் வேலை செய்யும் அசாம் பெண் நன்றாகப் பேசினாள். பிளாட்பாரத்தில் ஒரு பாட்டி "பீச் ட்ரெயின் போயிடுச்சாம்மா?" என்று கேட்க, இவள் யோசிக்காமலே "இப்பதான் போச்சு, அடுத்தது பத்து நிமிஷத்துல" என்றாளாம். ட்ரெயினில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தமிழில் பதில் சொன்னது அவளுக்கே உறைத்ததாம்.

நான் சொன்னது:

வந்த புதிதில் இரண்டு வருடம் இந்த ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. லேடீஸ் பெட்டியில் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள். "பாவம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வார்கள், எனக்குக் காதும் கேட்காது என்பதுபோல. ஒரு மழை நாள். வாசலருகே ஈரக் குடையோடு நின்றேன். பின்னால் ஒரு அம்மா: "ஏய், இன்னா வழியிலயே நின்னுகினு கீற? உள்ள போ! குடைய மடக்கு, எம் பொடவெல்லாம் தண்ணி!" யாரோ பதறி, "ஐயோ, அதுக்குக் கண்ணு தெரியாதும்மா" என்றார்கள். அந்த அம்மா கேட்டாள்: "கண்ணு தெரியலைன்னா குடை மடக்கத் தெரியாதா?"

பெட்டியே வாயை மூடிக்கொண்டது. நான் குடையை மடக்கினேன். உள்ளே போனேன். தாம்பரம் வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்குத்தான் இது என் ஊர் ஆனது.

முதலில் சிரித்தது சரோஜா ஆன்ட்டி. வந்திருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. முருகேசன் சார் மைக்கில் "இந்தத் தன்னம்பிக்கை..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "நல்ல கதைம்மா" என்றார்.

20 ஜூலை, ஞாயிறு

ஏர்போர்ட். எஸ்தர் அழவில்லை, நான் கொஞ்சம். "ரசப் பொடி பெட்டியில வெச்சிருக்கேன், எப்படின்னு போன்ல சொல்றேன்" என்றேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டுச் சுரங்கப் பாதை வழியாகத் திரிசூலம் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம். பெட்டி காலி. ஜன்னலோரம் உட்கார்ந்தேன், காற்றுக்காக.

பின்னால் செருப்புச் சத்தம் இல்லை. அந்த ஆறு கேட் தூரம் நீளமாக இருந்தது.

மாலையில் ஆன்ட்டி கூப்பிட்டார். "எஸ்தர் கிளம்பறதுக்கு முன்னாடி வந்து எல்லாம் சொன்னாம்மா. அஞ்சு நாள் உன் பின்னாடியே வந்தாளாமே. நீ இருந்துக்கோ. உன் பேர்லயே எழுதிடலாம்."

சந்தோஷம். கோபமும். ஆறு வருடம் நான் சமைத்தது கணக்கில் வரவில்லை, எஸ்தர் ஐந்து நாள் பார்த்தது வந்துவிட்டது. அதை வெளியே சொல்லவில்லை. இங்கே சொல்லி வைக்கிறேன்.

"ஒண்ணே ஒண்ணு. மாடி சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். ஏதாவது ஒண்ணுன்னா?"

"சரி ஆன்ட்டி. கீழ் வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். நீங்களும் தனியாத்தானே இருக்கீங்க?"

அவர் பையன் கனடாவில். நான் கேட்டது அதிகமோ என்று நினைத்தேன். உள்ளே போனார். மேஜை டிராயர் திறக்கும் சத்தம். திரும்பி வந்து என் கையில் ஒரு சாவியை வைத்து விரல்களை மூடினார்.

22 ஜூலை, செவ்வாய்

வெயில். துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்து. எழுத்தர் கைநாட்டுக்காக மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். ஆன்ட்டி முந்திக்கொண்டார்: "அவ பேங்க்ல வேலை பார்க்கிறா. கையெழுத்துப் போடுவா." போட்டேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டதாம். பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன். பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாளாம், யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லையாம்.

"பார்சல்ல அனுப்பும்மா. அட்ரஸ் எழுதிக்கோ."

"அட்ரஸ்தான் இருக்கே. எஸ்தர் பேரு போட்டு."

"அது பழசு. புதுசா எழுது. ரெபேக்கா, மாடி வீடு..."

பேனா கிறுக்கும் சத்தம். நின்றது. மிக்ஸி இல்லை, டிவி இல்லை, ஒன்றும் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் பேச்சு மறுபடி வரும் என்று பதிலோடு தயாராக இருந்தேன்.

"மேற்குத் தாம்பரம்" என்று அவளே சொல்லி எழுதினாள். "ம். பின்கோடு சொல்லு."