பதினாலாவது பனை

மச்சான்,

இன்று காலை வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தார். வாளியில் தண்ணீர் ஊற்றியதும் சுண்ணாம்பு கொதித்துப் புகைந்து ஒரு வாடை எழும்பியது. அவ்வளவுதான், என் முட்டி தானாக மடங்கியது, கை தானாக நீண்டது, வாய் ‘கபடி கபடி’ என்றது. அவர் இரண்டடி பின்வாங்கி, “ஐயா, உடம்பு எதனா சரியில்லீங்களா?” என்றார். பாவம், ஒரு காலத்தில் நான் மூச்சு விட்டால் திண்டிவனம் ஸ்டேஷனில் பச்சைக்கொடி தானாக ஆடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நீ இருந்திருந்தால், “அது காத்து மச்சான்” என்றிருப்பாய். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. தட்டிக் கேட்க ஆளில்லாமல் என் புளுகு புளியமரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், விழுப்புரம் போட்டியில் நாம் முதன்முதலாகச் சுழற்கோப்பையைத் தூக்கி வந்தது நினைவிருக்கிறதா? மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தால் கோப்பை நமக்கே சொந்தம். நடுவில் தோற்றால் ஜெயித்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வருஷமும் ஜெயித்தோம். உடனே எனக்குத் தலைக்கு மேல் இன்னொரு தலை முளைத்தது. நான் கடைத்தெருவில் நடந்தால் சூரியனே மேகத்துக்குள் ஒதுங்கி வழிவிட்டது. விருந்து வைக்காத வீடில்லை. அவித்த மல்லாட்டைக் கடலை மட்டுமே ஒரு லாரி தின்றிருப்பேன்.

நீ மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு, உடம்பெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு வாசலில் வந்து நின்றாய். கையில் சுண்ணாம்பு டப்பா. “வா மச்சான், ஏரிக்கரைக்கு.”

கரையில் வரிசையாக நின்ற பனைகள்தான் நம் அளவுகோல். ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ பாடிக்கொண்டே ஓட வேண்டும். எந்த மரத்தில் மூச்சு முறிகிறதோ அந்த மரத்தில் கோடு. முதல் கோப்பை வாங்கியபோது என் கோடு பன்னிரண்டாவது பனையில் இருந்தது. அன்றைக்கு ஒன்பதாவதிலேயே நாக்கு வெளியே தொங்கியது.

“பன்னெண்டுலயே போடு. இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி.”

“விழுப்புரத்துல மட்டும் பனி பெய்யுதா? நீ ஆனை புடிச்சேன்னு சொல்லு, நான் வாலைப் புடிச்சிக்கினு இருந்தேன்னு சாட்சி சொல்றேன். பனையில மட்டும் பொய் சொல்லாத.”

“டேய், ரெண்டு தபா கப்பு ஜெயிச்சவன்டா நானு!”

“கப்பு பீரோ மேல குந்திக்கினு கீது. மூச்சு எங்க?”

ஒன்பதாவது மரத்தில் கோடு போட்டாய். ஊரே போய்வருகிற கரை. எதிரணி என்னை மண்ணில் புரட்டியபோதுகூட அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மறுநாள் விடியுமுன் உன் வாசலில் வந்து நின்றது நான்தான்.

நீயும் கூடவே ஓடினாய். உன் கோடு ஏழாவது பனையைத் தாண்டவே இல்லை. “பாடிப் போறவன் நானு, புடிக்கிறவன் நீ. உனக்கு எதுக்குடா மூச்சு?” என்றேன். “நான் ஓடலன்னா நீ ஓடுவியா?” என்றாய். போட்டிக்கு முந்தின வாரம் பதிமூன்றைத் தொட்டேன். பதினாலு மட்டும் கைக்கு எட்டவே இல்லை.

மூன்றாம் வருஷ இறுதி ஆட்டம். இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம். கடைசி ரைடு எனக்கு. எதிர்ப்பக்கம் மூன்று பேர் என் மேல் விழுந்து அமுக்கினார்கள். (உனக்கு எழுதுவதால் மூன்று. ஊரில் சொல்லும்போது முப்பது.) பாட்டு அறாமல் நடுக்கோட்டைத் தொட்டால் மூவரும் அவுட், கோப்பை நமக்கு. கோடு ஒரு முழம் தள்ளி இருந்தது. மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது.

அப்போது நம் பக்கத்திலிருந்து உன் குரல்: “பத்து! பதினொண்ணு!”

நடுவர் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர், “இன்னாய்யா எண்ணிக்கினு கீறான்? ஸ்கோரே வேறயாச்சே!” என்றார். எனக்கு மட்டும் தெரியும், நான் விழுப்புரத்தில் இல்லை, ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். “பன்னெண்டு!” கண் இருட்டியது. “பதிமூணு!” மண்ணைக் கவ்விக்கொண்டே பாடினேன். “பதினாலு மச்சான், பதினாலு!” என் நடுவிரல் நகம் கோட்டைத் தொட்டது. எழுந்த கூச்சலில் புதுச்சேரிக் கடல் பத்தடி பின்வாங்கியதாகக் கேள்வி.

மறுநாள் விடியற்காலையில் சுண்ணாம்பு டப்பாவோடு மறுபடி வந்து நின்றாய்.

“கப்புதான் நமக்கே ஆயிடுச்சேடா!”

“ஆமா. இனிமே கப்புக்கு ஓட வாணாம். பதினஞ்சாவது மரம் சும்மா கீது, ஜல்தி வா.”

சுண்ணாம்புக்காரரிடம் ஒரு கொட்டாங்குச்சி நிறைய வாங்கிக்கொண்டு இன்று ஏரிக்கரைக்குப் போனேன். ஓடவில்லை, நடைதான். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு நடந்தேன். ஐந்தாவது பனையில் மூச்சு முறிந்தது. ஆறில் போடக் கை துடித்தது. பார்க்க ஒருவருமில்லை.

ஐந்தில்தான் போட்டேன், மச்சான். கொட்டாங்குச்சியில் சுண்ணாம்பு மிச்சமிருக்கிறது. நாளைக் காலை ஆறாவது மரத்தை ஒரு கை பார்க்கிறேன்.