சிரிப்பும் அழுகையும் இல்லாத பாகம்

பிப். 12, ஞாயிறு

விடியலில் பனி. கொடியில் கிடந்த வேட்டியில் வழக்கம்போல் சாம்பல் பொட்டு. நிலக்கரி பவர் ஹவுஸின் ஆசீர்வாதம்.

கோமதியைக் கண் ஆபரேஷன் முடிந்து நேற்று மாலை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. (இனி கோ. என்றே எழுதுகிறேன்.) கார் மாட்டு வண்டி வேகத்தில் வந்தது. குள்ளஞ்சாவடி தாண்டி ஒரு சைக்கிள்காரன் எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

வலது கண்ணுக்குள் திரை கிழிந்து விலகியிருந்தது. ஒட்டவைத்திருக்கிறார்கள். இடது கண்ணைச் சின்ன வயதிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. ஆக, இருப்பது இந்த ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டு. தலைக்கு இரு புறமும் மணல் பை. 24ஆம் தேதி கட்டைப் பிரிப்பார்கள். ஒட்டியிருந்தால் பார்வை. ஒட்டாவிட்டால்

எழுத வேண்டாம்.

டாக்டர் உத்தரவு: தலை திரும்பக் கூடாது. தும்மல், இருமல் கூடாது. அழக் கூடாது. சிரிக்கவே கூடாது. கடைசியைச் சொல்லும்போது மட்டும் ஏன் என்னைப் பார்த்தார்? கோ. முன்னமே சொல்லிவைத்திருக்கிறாள்: "டாக்டர், இவுக மைன்ஸ் ஆண்டு விழாவுல கோமாளி நாடகம் போடுதவுக. அதையும் யோசிச்சுக்கிடுங்க."

ஊரைச் சிரிக்கவைத்த பெருமை இருபது வருஷம். இன்று சொந்தப் பெண்டாட்டிக்கே நான் பத்தியத்துக்கு ஆகாத பண்டம்.

பிப். 13, திங்கள்

லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. ஹெட் கிளார்க் இல்லாமல் ஆபீஸ் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒருவரும் ஆள் அனுப்பவில்லை.

காலை பத்து மணிக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸில் மிளகாய் தாளிக்கும் நெடி. நடுவில் ஒற்றைச் சுவர்தானே. கோ.வின் மூக்கு நுனி துடிக்கத் தொடங்கியது. ஓடினேன். ஈரத் துண்டோடு, இடுப்பில் பாதி வேட்டியோடு, துரைசாமியின் சமையலறைக்கே போய் நின்றுவிட்டேன். அந்தம்மாள் கரண்டியை நீட்டிக்கொண்டு கத்த, பின்னாலேயே துரைசாமி பனியனோடு வந்தார்.

"ஏனுங்க சார், என்னாச்சுங்க?"

"தாளிக்காதீங்க. காலில் விழுகிறேன்."

நல்ல மனுஷர். 24 வரைக்கும் அவர்கள் வீட்டிலும் தாளிப்பு இல்லை. கோபிப் பக்கத்து ஊர்க்காரர், மேல்மண் வெட்டும் பிரிவில் ஃபோர்மேன். தாளிக்காத ரசத்தைக் குடித்துவிட்டு பி ஷிப்டுக்குப் போகிற அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடம்.

பச்சையில் மஞ்சள் பூப் போட்ட சட்டையை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். நாடகத்துக்குத் தைத்தது. தரை துடைக்க என்று கோ. ஒதுக்கிவைத்தது. பார்க்க முடியாதவளை ஏமாற்றும் அற்பச் சந்தோஷம். பிறகு என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனாலும் கழற்றவில்லை. துவைத்தது வேறு இல்லை.

சாயங்காலம் கோ.: "சும்மா கிடந்தா யோசனையா வருது. யோசிச்சா அழுகை வருது. எதையாவது வாசிங்களேன்."

"பேப்பர்?"

"அந்தச் 'சாம்பல் தீவு' வாசிங்க. ஊரே பேசுது. எனக்குத்தான் நேரமில்லாமப் போச்சு."

மாயாஜாலக் கதை. மாதம் ஒரு புத்தகமாக வந்துகொண்டே இருக்கிறது. இருபத்தொரு பாகம் ஆயிற்று, முடிகிற வழியைக் காணோம். நான் ஒரு வரி படித்ததில்லை. கேலி மட்டும் நிறையச் செய்திருக்கிறேன்.

பிப். 14, செவ்வாய்

எதிலிருந்து தொடங்குவது?

கேலி இல்லை. அழுதால் ஒட்டினது விட்டுப்போகும், சிரித்தாலும் விட்டுப்போகும். இரண்டும் இல்லாத பாகம் வேண்டும்.

துரைசாமியிடம் முழு வரிசையும் இருக்கிறது. அட்டை போட்டு, பீரோவில், பூட்டி. ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் தருவார். திருப்பிக் கொடுக்கும்போது நாலு கேள்வி கேட்பார். பதில் சரியாக இருந்தால்தான் அடுத்த பாகம். பிளாக்கில் எல்லோரும் இந்தப் பரீட்சைக்குப் பழகிவிட்டார்கள்.

"முதல் பாகந்தானுங்க. வேற பேச்சே இல்ல."

"அதில் சிரிப்பு வருமா?"

"வருமாவா? வெந்தயன்னு ஒரு சமையக்காரன் வர்றானுங்க. நான் மண்ணு வெட்டற பக்கெட் வீல் பக்கத்துல உக்காந்து படிச்சுப்போட்டு, மெஷின் சத்தத்துக்கு மேல சிரிச்சனுங்க."

"அப்படியானால் அது வேண்டாம். நடுவிலிருந்து..."

அவருக்கு முகமே மாறிவிட்டது. "நெலக்கரி எங்கீங்க இருக்குது? அடியில. மேல இருக்கற மண்ண மொத்தமும் வெட்டி எடுத்தாத்தான் கரி. நேராக் கரியில கை வெக்கோணும்னா, பக்கச் செவுரு சரிஞ்சு மேலயே விழுந்துருமுங்க."

இந்த ஊரில் இலக்கிய விமரிசனம் இப்படித்தான். ஆனாலும் என் கரி வேறு.

பிப். 15, புதன்

வெயில். எதிர் குவார்ட்டர்ஸ் சரோஜா டீச்சரிடம் போனேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுக்கிறவர். அவரிடமும் பாதிப் பாகங்கள் உண்டு.

"பதினொண்ணுல ஆரம்பிங்க சார். அதுலதான் ராஜாவோட இளமைக் காலம். காலவரிசைப்படி அதுதான் முதல்."

"அழுகை?"

"அதுல அவர் தம்பி செத்துப்போறான். எங்க ஸ்டாஃப் ரூம்ல யாரும் டிபன் பாக்ஸைத் திறக்கலை."

"ரெண்டு?"

"ராணி சாவு. ஐயையோ."

"யாருமே சாகாத, யாருமே சிரிக்காத பாகம் ஏதாவது?"

டீச்சர் கண்ணை மூடி யோசித்தார். "ஏழு. பிரயாணம், சண்டை, சூனியம். அவ்வளவுதான். ஒரு உயிர் போகாது. வெந்தயனும் வர மாட்டான்."

ஏழாம் பாகத்தைக் கொடுத்தார். திரும்பி வரும்போது துரைசாமி வாசலில் நின்றார். லஞ்சம் வாங்கினவன்போல் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

பிப். 16, வியாழன்

நான் கேட்காத கேள்வி ஒன்று இருந்திருக்கிறது.

மத்தியானம் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வீட்டு வேலைக்கு வருகிற அஞ்சலை, வடக்குத்து கிராமத்துக்காரி, பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் கதவோரம் வந்து உட்கார்ந்தாள். "நானும் கேட்டுகினு இருக்கங்க."

மூன்று பக்கம் நன்றாகப் போயிற்று. நாலாவதில் மண்டூகி என்கிற சூனியக்காரி, ராஜகுமாரி செண்பகவல்லியின் எதிரில் வந்து நின்று, கையை உயர்த்தி, அவளுடைய கண்

நிறுத்திவிட்டேன். கண்கள் பறிபோகின்றன. ஒரு உயிர் போகாது என்றாரே டீச்சர், உண்மைதான்!

"ஏங்க, என்னாச்சு?" என்கிறாள் கோ.

வாய்க்கு வந்ததை வாசித்தேன். "அவளுடைய கூந்தலைப் பறித்துக்கொண்டாள்."

"கூந்தலையா?"

"வேரோடு."

இதோடு முடியவில்லை. கண் போனவளை வைத்துக்கொண்டு அடுத்த இருபது பக்கமும் ஓடுகிறது. "வழி தெரியாமல் தடவித் தடவி நடந்தாள்" என்று போட்டிருக்கிறது. மொட்டைத் தலையைத் தடவித் தடவி நடந்தாள் என்றேன். "தோழி கையைப் பிடித்து ஆற்றைக் கடக்கச் செய்தாள்." மொட்டை அடித்தவளுக்கு ஆற்றைக் கடக்க எதற்குத் தோழி? தலைக்குள் தண்ணீர் போய்விடக் கூடாதென்று, என்றேன்.

அஞ்சலை வெடித்துவிட்டாள். "ஐயே! இன்னாங்க கதை இது! மொட்டைக்கு இன்னாத்துக்குங்க இம்மாம் பெரிய அழுவ?" சுவரில் தலையை இடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

கோ.வின் உதடு கோணியது. தாடை நடுங்கியது. மணல் பை அசைந்தது. நான் புத்தகத்தை எறிந்துவிட்டு அவள் கன்னங்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சிரிக்காதே, சிரிக்காதே, கோமதி" என்று கத்துகிறேன்.

பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "கையை எடுத்துட்டு வெளிய போங்க. ரெண்டு பேரும்."

வேப்ப மரத்தடியில் நின்றோம். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் சிரிச்சிட்டங்க. அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை.

பிப். 17, வெள்ளி

காலையில் கோ. சொன்னாள். நேற்றுச் சிரிப்பை அடக்கினபோது கண்ணுக்குள் மின்னல்போல ஒன்று வெட்டிற்றாம்.

சைக்கிளை மிதித்து ஆபீஸ் போய் டிரங்க் கால் போட்டேன். பாண்டிச்சேரி லைன் கிடைப்பதற்குள் என் நாற்காலியில் என் அஸிஸ்டென்ட் சவுகரியமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கோபம்கூட வரவில்லை.

டாக்டர்: "இப்போ பிரிச்சுப் பார்க்க முடியாது. அசையாம வச்சிருங்க. 24ஆம் தேதி பார்க்கலாம்."

"பயப்பட வேண்டியதா டாக்டர்?"

"24ஆம் தேதி பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்து, பயப்பட ஒன்றுமில்லையாம் என்று சொன்னேன்.

சாப்பிடவில்லை. சாப்பிட்டேன், கொஞ்சம். மோர் புளிப்பு.

மைன்ஸ் முழுக்க என்னைப் பற்றிச் சொல்வார்கள்: பெண்டாட்டியைச் சிரிக்கவைத்தே குருடாக்கினவன். அப்படிச் சொல்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிப். 19, ஞாயிறு

இரண்டு நாளாக வாசிப்பு இல்லை. பேச்சும் இல்லை. ரேடியோவும் இல்லை, எந்தப் பாட்டு அழவைக்கும் என்று எப்படித் தெரியும்? சுவர்க்கடிகாரம் மட்டும் அடிக்கிறது. அதையும் நிறுத்தலாமா என்று பார்த்தேன்.

சாயங்காலம் கோ. கூப்பிட்டாள்.

"அந்த ஏழாம் பாகத்தை எடுங்க. உள்ளபடி வாசிங்க."

"உள்ளபடிதானே..."

"செண்பகவல்லிக்குக் கண்ணு போன கதை எனக்குத் தெரியாதாக்கும்? அந்தப் புத்தகம் வந்த மாசம் ரேஷன் கடை வரிசை பூரா அதுதான் பேச்சு. எண்ணெய் வாங்க நின்ன அத்தனை பொம்பளைகளும் மண்டூகியைத் திட்டினாளுக. அவளுக்காகத்தானே இந்தக் கதையையே கேட்டேன்."

"அப்போ அன்றைக்கு ஏன் சும்மா இருந்தாய்?"

"நீங்க எம்புட்டுத் தூரம் போறீகன்னு பார்த்தேன். அந்த ஆறு வரைக்கும் தாக்குப் பிடிச்சேன்."

வாசித்தேன். கண் என்று போட்டிருந்த இடத்தில் கண் என்றே. கோ. அழவில்லை. சிரிக்கவில்லை. கல்போலக் கிடந்து கேட்டாள். செண்பகவல்லி காலடிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லப் பழகுகிற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

வாசலில் செருப்புச் சத்தம். "துரைசாமி அண்ணன்" என்றாள். வந்தது சரோஜா டீச்சர். அடுத்த சத்தத்துக்கு "டீச்சர்" என்றாள். வந்தவர் பால்காரர்.

"பழகணும்" என்றாள்.

அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பிப். 22, புதன்

ஏழு முடிந்தது. செண்பகவல்லி இன்னும் குருடிதான்.

கோ.: "அப்புறம் அவளுக்குக் கண்ணு வருதா? அதை மட்டும் கேட்டுட்டு வாங்க."

டீச்சர் வீடு பூட்டியிருந்தது. துரைசாமி ஏ ஷிப்ட் முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அதச் சொல்லிப்போட்டா கதை கெட்டுப்போகுமுங்க சார்."

சோற்றுத் தட்டின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "துரைசாமி, கேட்கிறது நான் இல்லை. அவள்."

கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "இருபத்தொண்ணு வரைக்கும் வருலீங்க. தடவிக்கிட்டேதான் போறா." பிறகு, "ஆனா வந்தே ஆகோணுமுங்க. இத்தன மண்ணு வெட்டிப்போட்டு அடியில ஒண்ணுமில்லீன்னா எப்படிங்க?"

திரும்பி வந்து சொன்னேன். பொய் சொல்லலாமென்று வாசற்படி வரைக்கும் நினைத்திருந்தேன். முடியவில்லை.

"சரி" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பத் தலையை அசைக்கப் பார்த்தாள். மணல் பை விடவில்லை.

பிப். 23, வியாழன்

நாளை காலை கார். ஃபிளாஸ்க், துண்டு, டாக்டர் சீட்டு எடுத்துவைத்தேன். ராணிப்பேட்டையில் பிரசவமாகிக் கிடக்கிற மகளுக்கு எழுதின கார்டை இன்னும் தபாலில் போடவில்லை. என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

விளக்கு வைக்கிற நேரம், கோ. சொன்னாள்: "முதல் பாகத்தை வாங்கிப் பையில போட்டுக்கிடுங்க. கண்ணு வந்தா, முதல்லேருந்து நானே வாசிப்பேன்."

"சரி."

"வரலைன்னா நீங்க வாசிங்க. அதுவும் முதல்லேருந்துதான். அப்புறம் எனக்கு எதுக்கு மணல் பை? வெந்தயனுக்கு ஆசை தீரச் சிரிக்கேன்."

துரைசாமியிடம் போனேன். பீரோவைத் திறந்து கொடுத்தார். "கேள்வி கேக்க மாட்டனுங்க சார். பத்திரமாப் போய்ட்டு வாங்க."

பிப். 24, வெள்ளி. பாண்டிச்சேரி

ஆஸ்பத்திரி வராந்தா. கடல் காற்று, பிசுபிசுப்பு. உள்ளே கொண்டுபோய் நேரமாகிறது. என்னை விடவில்லை.

முதல் பாகத்தைப் பிரித்தேன். வெந்தயன் முதல் பக்கத்திலேயே வருகிறான். ராஜாவின் பாயசத்தில் மீசையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான். ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன். சிரிப்பு வரவில்லை. நானெல்லாம் நாடகம் எழுதுகிறவன்.

உள்ளே டாக்டர் குரல். கோ.வின் குரல் இல்லை.

இன்னும் இல்லை.

(பிறகு) நர்ஸ் கதவைத் திறந்து வரச் சொன்னாள். புத்தகத்தோடு வாசலில் போய் நின்றேன். கோ. தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டு இல்லை. கண் சிவந்து, வீங்கி, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் பக்கம் திரும்பி இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அல்லது செருப்புச் சத்தத்துக்குத் திரும்பினாளோ.

"ஏங்க."

"என்ன?"

"அந்தப் பூச்சட்டையை யாரு வெளிய எடுத்தது?"

குனிந்து பார்த்தேன். பச்சையில் மஞ்சள் பூ. காலை அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அழக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்குத்தானே